வேலைக்குப் போய்விட்டுத் திரும்பவும் கல்லூரி: நேரம் போதுமா, போதாதா?

ஜூன் 9, கேள்வி

பல வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த ஆண்டு முதுகலையில் சேர்கிறேன். வேலையை விட்டாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் "நேரம் போதாது, ஜாக்கிரதை" என்று பயமுறுத்துகிறார்கள். எனக்குப் புரியவில்லை. தினம் பத்து மணி நேரம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு ஒரு பெரிய விஷயமா? மெயில், மீட்டிங், டெட்லைன் எல்லாவற்றிலும் ஊறி வந்தவன் நான். நேரத்தைக் கையாளுவதில் இருபது வயதுப் பிள்ளைகளைவிட எங்கோ முன்னால் இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். யாராவது மறுக்கிறீர்களா?

ஜூன் 9, இரவு

பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். நானும் இதே தெம்போடு போனவள்தான். முதல் ஆண்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தேன். இரண்டாம் ஆண்டு கையிருப்பு கரைந்துபோனதால் பகுதிநேர வேலையும் படிப்புமாக ஓட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் கணக்கு. 16 மணி நேர வகுப்பு என்பது படிப்பில் பாதிகூட இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு முழுநேர ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆக ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். 40 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குக் குறைந்தது 37, கூடினால் 45. அமெரிக்கக் கல்லூரிகளில் கணக்கு வேறு மாதிரி, ஆனாலும் வகுப்பில் உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். எப்படிப் பார்த்தாலும் உங்கள் 16 மணி நேரம் அலுவலகத்து மீட்டிங் கணக்கில்தான் வரும். மீட்டிங்கில் உட்கார்ந்து எழுந்தால் வேலை முடிந்ததாக ஆகிவிடுமா?

மீதி இருக்கிற இருபத்துச் சொச்சம் மணி நேரத்தில்தான் படிப்பே நடக்கிறது. அதற்கு யாரும் அழைப்பு அனுப்ப மாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் கேட்க மாட்டார்கள். அலுவலகத்தில் நம் நேரத்தை நாம்தான் நிர்வகித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேலாளர், வாடிக்கையாளர், பக்கத்து மேஜைக்காரர் எல்லோரும் சேர்ந்து அதை முன்பே துண்டு போட்டு வைத்திருந்தார்கள், நாம் ஒவ்வொரு துண்டாக முடித்துக் கொடுத்தோம். அதுவும் திறமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையைக் கையில் கொடுத்து "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டால் அந்தத் திறமைக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை.

ஜூன் 10

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. நேரத்தை யார் பிரிக்கிறார்கள் என்பதோடு இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அலுவலக வேலைக்கு ஒரு முடிவு உண்டு. அறிக்கையை அனுப்பினோம், சரி என்று பதில் வந்தது, தீர்ந்தது. படிப்பில் "சரி, இது போதும்" என்று சொல்ல ஆளில்லை.

ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் படிக்க உட்காருகிறோம். கடைசிப் பக்கத்தில் நாற்பது கட்டுரைகளின் பட்டியல். அதில் நான்கையாவது படிக்காமல் இருக்கக் கூடாது போலத் தோன்றும். நான்கையும் திறந்தால் ஒவ்வொன்றின் வாலிலும் இன்னொரு நாற்பது. உலாவியில் மேலே வரிசையாகத் திறந்திருப்பவை நெருங்கி நெருங்கி, தலைப்பு மறைந்து, ஒரு சின்ன ஐகான் மட்டும் நிற்கும். எது எதுவென்று தெரியாமல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதிலேயே கால் மணி நேரம் போகும். சாயங்காலம் கணினியை மூடும்போது நாளெல்லாம் உழைத்த அலுப்பு உடம்பில் இருக்கும், எழுதியது ஒரு வரிகூட இருக்காது.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒன்றுதான். உட்காரும் முன்பே, எது வந்தால் எழுந்திருப்பேன் என்று எழுதி வைத்துவிடுவது. "இரண்டாம் அத்தியாயம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "அந்தச் சோதனை முறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புத்தகத்தை மூடிவைத்து ஐந்து வரி எழுத வேண்டும்" என்று எழுத வேண்டும். ஐந்து வரி வந்துவிட்டால் அன்றைக்கு அந்த அத்தியாயம் முடிந்தது. மனசு உறுத்தாமல் எழுந்து போகப் பழகுவதற்குத்தான் எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

ஜூன் 14

"அப்படியென்றால் ஆபீஸில் கற்றுக்கொண்ட எதுவுமே செல்லாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லும், நன்றாகவே செல்லும். தெரியாததைத் தெரியாது என்று முதல் வாரத்திலேயே கேட்கிற துணிச்சல் ஒன்று. இருபது வயதில் எனக்கு அது கிடையாது, பேராசிரியர் அறைக் கதவைத் தட்டவே கை நடுங்கும். வேலை பார்த்து வந்த பிறகு அவரும் நம்மைப் போல மெயிலுக்குள் மூழ்கிக் கிடக்கிற ஒரு மனிதர் என்று தெரிந்துவிடுகிறது. நான்கு வரியில் தெளிவாகக் கேட்டால் நான்கு வரியில் பதில் வரும். "சார், அசைன்மென்ட் பற்றி ஒரு சந்தேகம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

செல்லாதது எது என்றால், வந்ததற்கு உடனே பதில் சொல்கிற பழக்கம். அலுவலகத்தில் அதற்குத்தான் நல்ல பெயர். படிக்க உட்கார்ந்தால் அதுவே எமன். காலையில் எழுந்ததும் மெயில், வகுப்பு குரூப், நூலகப் புதுப்பிப்பு, பதிவுப் படிவம் என்று சில்லறை வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு "ஆ, மேஜை சுத்தம்" என்று பெரிய வேலையை எடுக்கும்போது மணி பன்னிரண்டு. அதோடு, ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குத் தாவினால் மனசின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சோஃபி லெராய் என்பவர் 2009இல் இதை ஆராய்ந்து, அந்த ஒட்டுதல் அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறார். எனக்கு ஆய்வு வேண்டியிருக்கவில்லை, ஒரே பத்தியை மூன்று முறை படித்துவிட்டு என்ன படித்தோம் என்று தெரியாமல் முழித்ததே போதுமாக இருந்தது.

ஜூன் 15

வண்ண வண்ணமாகக் கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை நீங்கள் தயாரித்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. நானும் போட்டேன். வகுப்புக்கு நீலம், படிப்புக்குப் பச்சை, உடற்பயிற்சிக்கு ஆரஞ்சு. முதல் வாரம் முழுக்க அதை அழகுபடுத்துவதில் போனது. ஆரஞ்சைப் பற்றி மேற்கொண்டு கேட்காதீர்கள்.

ஜூன் 22

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம். நேரம் போதவில்லை என்று நாம் சொல்லும்போது பல நேரம் அங்கே நடப்பது மதிப்பீட்டுக் கோளாறு.

அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வரும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஏனென்றால் அதே மாதிரி வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். கல்லூரியில் வருவது ஒவ்வொன்றும் புதுசு. புள்ளியியல் கணக்கு, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் மதிப்பாய்வு, ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டி விளக்குவது. முன்னே பின்னே செய்ததில்லை, ஆனால் வாய் மட்டும் பழைய தெம்பில் "ரெண்டு நாள் போதும்" என்கிறது.

உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதற்குத் 'திட்டமிடல் மாயை' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் செய்தது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள், 49 நாள் பக்கம் வந்தது. உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். கவனியுங்கள், எல்லாம் கெட்டுப்போனால் ஆகும் என்று அவர்களே சொன்னதைவிட அதிகம். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

இதைப் படித்ததும் நான் செய்தது, ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் ஆரம்பத்தில் நினைத்த நேரத்தையும் கடைசியில் பிடித்த நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தின் பின் பக்கத்தில் எழுதி வைத்தது. வேறு ஒன்றுமில்லை, இரண்டு எண்கள். கொஞ்ச நாளிலேயே ஒரு வடிவம் தெரிய ஆரம்பித்தது. படிப்பதற்கு நான் போடும் கணக்கு ஓரளவு சரி. எழுதுவதற்குப் போடும் கணக்கு எப்போதும் பாதி. மேற்கோள்களைச் சரிபார்த்து, படங்களுக்கு எண் போட்டு, சமர்ப்பிப்பதற்கு முன் ஒழுங்குபடுத்துகிற வேலைக்கு நான் கணக்கே போடுவதில்லை, ஆனால் அது ஒரு முழு மாலையைத் தின்றுவிடும். அதன் பிறகு எழுத்து வேலை என்றால் மனசு சொல்வதை இரண்டால் பெருக்கி, ஒரு மாலையைக் கூட்டிவிடுவேன். அழகான சூத்திரம் இல்லைதான், ஆனால் இரவு 11:59 டெட்லைனுக்கு 11:57க்குக் கோப்பு ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற கொடுமை எனக்கு நின்றுபோனது.

ஜூலை 3

ஜூன் 9இல் வாரம் நாற்பது மணி நேரம் என்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். அது படிப்புக்குத் தேவை என்று பல்கலைக்கழகம் போட்ட கணக்கு. அத்தனை மணி நேரம் நாற்காலியில் இருந்தால் படித்ததாகிவிடும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் நோக்கமல்ல.

என் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால் நாள் முழுக்கக் காலியாக இருந்த முதல் ஆண்டைவிட, மதியம் வரை வேலை பார்த்த இரண்டாம் ஆண்டில்தான் படிப்பு ஒழுங்காக நடந்தது. மதிப்பெண்ணும் கொஞ்சம் கூடியது. முதல் ஆண்டில் ஒரு சின்ன எதிர்வினைக் கட்டுரை நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் நாள் முழுவதும் அதற்காகக் கிடந்தது. இரண்டாம் ஆண்டில் அதே அளவுக் கட்டுரைக்கு மூன்று முதல் ஆறு வரைதான் இடம், ஆறு மணிக்கு முடிந்திருக்கும். கிடைக்கிற நேரம் முழுவதும் பரவும்படி வேலை பெருகும் என்று வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955இல் நக்கலாக எழுதினார். அவர் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்தார், முழுநேர மாணவர்களைப் பார்த்திருந்தால் இன்னும் நீளமாக எழுதியிருப்பார்.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேலையை விடாமலே படித்திருக்கலாமே" என்று வருத்தப்பட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் எனக்கு விருப்பப் பாடங்கள் குறைவு, கருத்தரங்குகளில் தங்கிப் பேச முடிந்ததில்லை, ஆராய்ச்சிக் குழு ஒன்றில் சேர அழைத்தபோது நேரமில்லை என்று மறுத்தேன். மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் லாபம், மற்றபடி நஷ்டக் கணக்கும் உண்டு. உங்களுக்கு நாள் காலியாக இருக்கிறதென்றால் அதற்குள் நீங்களே ஒரு மூன்று முதல் ஆறு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஜூலை 5

தக்காளிக் கடிகார முறை பற்றிக் கேட்டவருக்கு. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது, அதனால் அந்தப் பெயர். தொடங்கவே மனசு வராத வேலைக்கு அருமையான மருந்து. இருபத்தைந்து நிமிடம்தானே என்று உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரு நிரூபணத்தின் நடுவில், ஆறு வரி கையில் பிடித்துவைத்து ஏழாவது வரி இதோ வருகிறது என்று இருக்கும்போது டிங் என்று அடித்தால் கடிகாரத்தைத் தூக்கி எறியத் தோன்றும். எழுத்துக்கும் கணக்குக்கும் எனக்கு ஒன்றரை மணி நேரமாவது உடையாமல் வேண்டும். பட்டியல் போடுவது, குறிப்புகளை ஒழுங்கு செய்வது, பிழை திருத்துவது இதற்கெல்லாம் தக்காளி.

ஜூலை 6

நேற்று எழுதிய ஒன்றரை மணி நேரம் என்பது போன் வேறு அறையில் இருந்தால் மட்டும். கவிழ்த்து வைத்தாலும் கணக்கில் சேராது.

ஜூலை 19

"வயதாகிவிட்டது, எதுவும் மண்டையில் நிற்கவில்லை" என்ற புலம்பல் இங்கே அடிக்கடி வருகிறது. எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு தடவை கேட்டதைத் திருப்பிச் சொல்லுவாள், நான் மஞ்சள் கோடு கோடாகப் போட்டு மூன்று தடவை படித்தும் மறந்துவிடுவேன். பிறகு விசாரித்தால் அவள் படிப்பதே இல்லை, தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்கிறாள். பேருந்தில், வரிசையில் நிற்கையில், எங்கே பார்த்தாலும் உதடு அசைந்துகொண்டிருக்கும்.

ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் ஒரு கூட்டம், ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்த கூட்டம் முன்னால், அவர்களுக்கு நினைவில் நின்றது 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ், படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் விஷமமான இடம் அந்த ஐந்து நிமிடம். திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சுகம் வரும். வேலை முடித்துக் களைத்து வந்து இரவில் படிப்பவருக்கு அந்தச் சுகம் இன்னும் இனிக்கும், ஏனென்றால் எழுதிப் பார்ப்பதைப் போல அது நம்மை அவமானப்படுத்தாது.

ஆக வயதைப் பழி சொல்வதற்கு முன் முறையை மாற்றிப் பாருங்கள். நேரக் கணக்கோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. மூன்று தடவை படிக்கிற நேரத்தில் ஒரு தடவை படித்து இரண்டு தடவை மூடிவைத்து எழுதலாம். ஜூன் 10இல் சொன்ன "ஐந்து வரி எழுதினால் எழுந்து போகலாம்" என்பதும் இதே காரணத்தால்தான் வேலை செய்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதை நான் நிறுத்துவதற்கான வழியாக மட்டுமே பார்த்தேன்.

ஆகஸ்ட் 2

விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஆனால் இதை யாரும் எச்சரிப்பதில்லை: கையெழுத்து. பல வருடம் விசைப்பலகையிலேயே வாழ்ந்துவிட்டு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை இழுக்க ஆரம்பிக்கும். இரண்டாம் மணியில் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எத்தனை என்று பேனா முடிவு செய்துகொள்ளும். பதில் தெரியும், எழுத முடியவில்லை. சுற்றிலும் இருபது வயது விரல்கள் இரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் கையால் எழுதுங்கள். ஜூலை 19இல் சொன்ன மூடிவைத்து எழுதும் வேலையைக் காகிதத்திலேயே செய்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆகஸ்ட் 3

கணினியில் தேர்வு எழுதுகிறவர்கள் மேலே உள்ளதைத் தாண்டிப் போகலாம். பொறாமையோடு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 16

வீட்டைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேலையில் இருந்தபோது பகலில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். "அவள் ஆபீஸில் இருக்கிறாள்." அந்த ஒரு வாக்கியம் ஒரு கோட்டை. மாணவியாக வீட்டில் உட்கார்ந்த நாள் முதல் கோட்டை போயிற்று. கூரியர் வாங்க, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் நிற்க, உறவுக்காரரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக எல்லாவற்றுக்கும் "நீ வீட்டில்தானே இருக்கிறாய்". தப்பும் சொல்ல முடியாது, பார்க்கிறவர்களுக்கு நான் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பது வெளியே தெரிகிற வேலை இல்லை.

விளக்கம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எடுபட்டது இடம் மாறியதுதான். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்புகிற மாதிரியே பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே என்ன படிக்கிறேன் என்று யாருக்கும் கவலையில்லை, "அவள் காலேஜுக்குப் போயிருக்கிறாள்" என்று ஒரு புது வாக்கியம் கிடைத்துவிட்டது. குழந்தை வளர்ப்பவர்கள், பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது அத்தனை எளிதில்லை என்று தெரியும். அவர்கள் வாரத்தில் இரண்டு குறிப்பிட்ட மாலைகளையாவது வீட்டில் எல்லோரும் அறியப் பேசி வாங்கிவிட வேண்டும். "நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்" என்று சொன்னால் நேரம் வேறு யாருக்காவதுதான் கிடைக்கும்.

ஆகஸ்ட் 17

நேற்றைய குறிப்புக்கு "கோட்டை கட்டிவிட்டு அதற்குள் தூங்கினீர்களா படித்தீர்களா" என்று ஒரு கேள்வி. நூலகத்து மூன்றாம் மாடி, ஜன்னலோரம், மதியம் இரண்டு மணி. நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தூக்கம் என்றதும் ஒன்று. வேலையும் படிப்புமாக இருந்த ஆண்டில் தூக்கத்தில்தான் கை வைப்போம், அதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. ஆறு மணி நேரம் தூங்கினால் போதும், பழகிவிடும் என்று எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. தூக்கத்தை ஆராய்கிற வான் டாங்கன் குழு 2003இல் வெளியிட்டதைப் பார்த்த பிறகு கொள்கையை விட்டேன். இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ படுத்தவர்களின் கவனமும் நினைவும் இரண்டு இரவு கொட்டக் கொட்ட விழித்திருந்தவர்களின் நிலைக்கு நெருங்கி இறங்கியது. அவர்களைக் கேட்டால் அத்தனை தூக்கக் கலக்கம் இல்லை என்றார்கள். பழகிவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

செப்டம்பர் 6

குழு வேலை. சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது, அவர்கள் இரவு பதினொன்றுக்குத்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் குழுவிலும் அப்படித்தான். முதல் கூட்டத்திலேயே நான் அலுவலகப் பாணியில் பொறுப்பாளர், இலக்கு தேதி, வாரக் கூட்டம் என்று ஒரு ஆவணம் கொண்டுபோனேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அக்கா, சூப்பர்" என்றார்கள். அப்புறம் ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

போகப் போக ஒரு ஏற்பாடு அமைந்தது. நான் ஒன்பது மணிக்கு என் பகுதியைப் பொதுக் கோப்பில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். அவர்கள் இரவில் அதன் மேல் வேலை செய்து வைப்பார்கள், விடியற்காலையில் நான் பார்ப்பேன். ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் சண்டை போய்விட்டது. அவர்களிடம் கற்றுக்கொண்டதும் இருக்கிறது. ஒரு பையன் பிரசென்டேஷனுக்கு முதல் நாள் வரை எதையும் தொடமாட்டான், ஆனால் எது தேவையில்லை என்று முதல் பார்வையிலேயே வெட்டிவிடுவான். எனக்கு எல்லாவற்றையும் செய்து பழக்கம்.

செப்டம்பர் 20

கெடு தேதியை நாமே போட்டுக்கொள்வது நல்லதா, கல்லூரி போடுவது நல்லதா என்ற பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. நம்மைப் போன்றவர்களை வைத்தே ஒரு ஆய்வு இருக்கிறது, ஏரியலியும் வெர்டன்ப்ராக்கும் 2002இல் வெளியிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர்களுக்கு ஒரு பருவத்தில் மூன்று கட்டுரைகள். ஒரு பிரிவுக்குச் சம இடைவெளியில் தேதிகளைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவு தேதிகளைத் தானே தேர்ந்தெடுக்கலாம், மூன்றையும் கடைசி நாளிலேயே கொடுக்கவும் செய்யலாம். பெரும்பாலோர் தங்களை நம்பாமல் முன்னாலேயே தேதி போட்டுக்கொண்டார்கள். அப்படியும், தேதி திணிக்கப்பட்ட பிரிவுக்குத்தான் மதிப்பெண் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வாளர்களில் முதலாமவர் பங்கேற்ற வேறொரு கட்டுரை, நேர்மை பற்றி 2012இல் வந்தது, தரவுக் கோளாறால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. கெடு தேதி ஆய்வு அது இல்லை. இருந்தாலும் ஒரே ஒரு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்க்கையைத் திருத்த நான் சொல்ல மாட்டேன். என் அனுபவம் என்னவென்றால் நானே போட்ட தேதியை நானே நகர்த்துவேன், வெட்கமே இல்லாமல். வழிகாட்டியிடம் "பதினைந்தாம் தேதி முதல் வரைவு அனுப்புகிறேன்" என்று மெயில் போட்டுவிட்டால் நகர்த்த மாட்டேன். அவர் அதைப் படித்தாரா என்பதே சந்தேகம், அது வேறு விஷயம்.

அக்டோபர் 11

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார், வகுப்பெல்லாம் சமாளித்துவிட்டேன், சனிக்கிழமைதான் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்கிறார். வாங்க, வாங்க.

சனிக்கிழமையில் நீங்கள் வாரத்தின் பாக்கி முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள், அதனால்தான். புதன்கிழமை முடியாததும் சனிக்கு, வியாழன் முடியாததும் சனிக்கு. காலையில் எழுந்து பார்த்தால் பாக்கி மலையாக நிற்கும், எதைத் தொடுவது என்று தெரியாமல் துணி துவைக்கப் போய்விடுவோம். சனிக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வாரநாளில் உடையாத ஒன்றரை மணி நேரத் துண்டுகளாகப் போட்டுப் பாருங்கள். வகுப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்களுக்கு இப்போது வீணாகிறது என்று ஊகிக்கிறேன், உங்கள் அட்டவணையில் செவ்வாயும் வியாழனும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை வெள்ளையாக இருக்கிறது. அந்த நேரம் கேன்டீனில் போகிறதா?

ஞாயிற்றுக்கிழமையைத் தொடாதீர்கள். தொட்டாலும் படிப்பு பெரிதாக நகராது, திங்கள் வகுப்பில் கண் சொருகுவதுதான் மிச்சம். முடியாத வேலை ஞாயிறு முழுக்க மண்டையைக் குடைகிறதென்றால் சனி இரவே "திங்கள் பதினொன்றுக்கு, நூலகத்தில், மூன்றாம் பகுதியிலிருந்து" என்று எழுதி வையுங்கள். மசிகாம்போவும் பாமெய்ஸ்டரும் 2011இல், முடியாத வேலைக்கு இப்படித் திட்டவட்டமாக ஒரு திட்டம் எழுதிவிட்டாலே அதன் குடைச்சல் அடங்குகிறது என்று காட்டினார்கள். வேலை முடிய வேண்டியதில்லை, எழுதினாலே போதும்.

அக்டோபர் 12

கேன்டீன்தான் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. செவ்வாயைக் கேன்டீனுக்கே விட்டுவிடுங்கள், நண்பர்களும் வேண்டும்தானே, இந்த வயதில் புதுசாகக் கிடைப்பது லேசில்லை. வியாழனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு அட்டவணை இந்த மாதக் கடைசியில் வரும் என்றீர்கள், வந்ததும் எந்தப் பாடத்துக்கு முன் எத்தனை நாள் இடைவெளி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், எதை முதலில் எடுப்பது என்று பார்க்கலாம்.